லாக்கில் இல்லாத 87 ஜிபி: ஒரு ப்ராக்ஸி சர்வரும் தினசரி கோட்டாவும்

மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு ஒரே வரிதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 எம்பி, அதற்கு மேல் டவுன்லோடு கூடாது. ஏன் என்று கேட்டால், நெட் ஸ்லோ. 140 பேர், 50 எம்பிபிஎஸ் லைன் ஒன்று, நடுவில் லினக்ஸில் ஓடும் ஸ்குவிட் ப்ராக்ஸி (எல்லோருடைய இணையக் கோரிக்கைகளையும் வாங்கி வெளியே கேட்டுத் தரும் இடைத்தரகர்), வழக்கமான 3128 போர்ட், ஒவ்வொருவருக்கும் தனி லாகின். யாரோ உட்கார்ந்து படம் படமாக இறக்குகிறார்கள், அவர்களைக் கட்டிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோட்டா போடுவதற்கு முன் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று எண்ணத் தெரிய வேண்டும் இல்லையா. அந்த எண்ணிக்கையில்தான் மூன்று வாரம் போனது. கோட்டா அமைக்கிற கன்ஃபிக் மொத்தமே பத்துப் பதினைந்து வரி.

இரண்டு விதமான ஸ்லோ

நெட் ஸ்லோ என்று புகார் சொன்ன ஆறேழு பேரின் மேசைக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். போனில் கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், நேரில் பார்த்தால்தான் ஸ்லோ எந்த மாதிரி என்று தெரியும். ஒருவர் முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினார், வெள்ளைத் திரை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், ஐந்தில் பக்கம் முழுதாக வந்து விழுந்தது. வேறொரு தளம், மறுபடி ஐந்து. முதலில் திறந்த தளத்தையே திரும்பத் திறந்தால் உடனே வருகிறது. லைன் நிரம்பியிருந்தால் இப்படி நடக்காது, பக்கம் துண்டு துண்டாக ஊர்ந்து வரும். இங்கே வருவதற்குத்தான் தாமதம், வர ஆரம்பித்தால் வேகத்துக்குக் குறைவில்லை.

ஐந்து விநாடி என்றதும், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஞாபகம் வந்தது. ப்ராக்ஸி வழியாகப் போகும்போது பெயரைத் தேடுவது பிரவுசரின் வேலை இல்லை, ஸ்குவிட்தான் கேட்கிறது. டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியலான ரிசால்வ் கான்ஃப் கோப்பில் முதலில் இருக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும், பதில் வராவிட்டால் அடுத்த சர்வருக்குப் போகும், அப்படிக் காத்திருக்கும் நேரம் மாற்றாமல் விட்டால் 5 விநாடி. கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் இருந்த ஐபி, எப்போதோ கழற்றி மூலையில் வைத்துவிட்ட ஒரு பழைய பெட்டியுடையது. இரண்டாவது சர்வர் நல்லபடியாக இருந்ததால் எதுவும் நிற்கவில்லை, ஸ்லோவாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரேயடியாகச் செத்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம். அந்த வரியை எடுத்துவிட்டு ஸ்குவிட்டை ரீகன்ஃபிகர் செய்ததும் காலைப் புகார்கள் பாதிக்குப் பாதி குறைந்தன.

மீதிப் பாதி காலை 11 மணிக்கு மேல் வருவது. அது நிஜமாகவே லைன் நிரம்பும் ஸ்லோ, பக்கங்கள் ஊர்ந்துதான் வந்தன. ஸ்குவிட் தன் எச்சரிக்கைகளை எழுதும் கேஷ் லாக்கில், ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகள், இணைப்புகளின் எண்ணிக்கை) தீர்ந்துபோகிறது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சிபியூ, டிஸ்க் இரண்டும் சும்மாதான் இருந்தன. ரூட்டர் கிராஃபில் மட்டும் 11 மணியிலிருந்து கோடு உச்சியில் படுத்துக் கிடந்தது.

கணக்கு இடிக்கிறது

யார் அந்த ஆள் என்று பார்க்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழும் ஸ்குவிட்டின் ஆக்சஸ் லாக்கை எடுத்து லாகின் வாரியாக பைட்டுகளைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு மொத்தம் 61 ஜிபி. அதே நாளுக்கு ரூட்டர் காட்டிய டவுன்லோடு 148 ஜிபி. இரண்டு மூன்று ஜிபி வித்தியாசம் என்றால் டிசிபி தலைப்புகள், தொலைந்து திரும்ப வந்த பாக்கெட்டுகள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 87 ஜிபிக்கு என்ன சமாதானம் சொல்வது?

முதல் சந்தேகம், யாரோ ப்ராக்ஸியைத் தாண்டி நேராக வெளியே போகிறார்கள். எந்த ப்ராக்ஸி வழியாகப் போவது என்று பிரவுசருக்குச் சொல்லும் பேக் (PAC) கோப்பில், ப்ராக்ஸி கிடைக்காவிட்டால் நேராகப் போ என்று எழுதி வைத்திருந்தால் இது சுலபமாக நடக்கும், ப்ராக்ஸி கொஞ்சம் திணறினாலும் பிரவுசர் சத்தமில்லாமல் வெளியே நழுவிவிடும். ஆனால் எங்கள் ஃபயர்வாலில் ப்ராக்ஸியின் ஐபியைத் தவிர வேறு எதற்கும் வெளியே வழியில்லை, எண்ணிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். ஆக 148 ஜிபியையும் இழுத்தது ப்ராக்ஸிதான், அதில் 61ஐ மட்டும் உள்ளே கொடுத்திருக்கிறது. மிச்சத்தை இழுத்துவிட்டு யாருக்கும் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பலருக்கு இது தெரியாமல்தான் கணக்குத் தப்புகிறது. ஸ்குவிட்டின் இயல்பு லாக் அமைப்பில் இருக்கும் பைட் எண், ப்ராக்ஸி பயனருக்கு அனுப்பிய அளவு. ப்ராக்ஸி வெளியிலிருந்து வாங்கிய அளவு அதில் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதனால் சந்தேகமும் வருவதில்லை.

மறுநாள் 11:40க்கு, லைன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, ப்ராக்ஸியில் உட்கார்ந்து எஸ்எஸ் கட்டளையில் திறந்திருக்கும் இணைப்புகளைப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரே முகவரிக்குப் பதினான்கு இணைப்புகள் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தன, உள்பக்கம் அவற்றுக்கு ஜோடியாக நாலைந்துதான். அந்த முகவரியை வைத்து லாக்கில் தேடினால் கிடைத்தது இந்த மாதிரி வரிகள்: எடுத்துக்கொண்ட நேரம் 60,012 மில்லிவிநாடி, டிசிபி மிஸ் அபார்ட்டட் (நகல் கைவசம் இல்லை, பதில் முடியுமுன் இணைப்பு அறுந்தது), ஸ்டேட்டஸ் 000, பைட் 0. கெட் கோரிக்கை, யூஆர்எல் இயங்குதள அப்டேட் ஒன்றுடையது. அதற்கு அடுத்த வரியும் அதே யூஆர்எல், 60,009 மில்லிவிநாடி, பைட் 0. ஒரே கணினியிலிருந்து இப்படி அடுத்தடுத்து 19 வரி. பைட் 0 என்பதால் என்னுடைய கூட்டலில் இவை யார் கணக்கிலும் சேரவில்லை, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்க்கும் எவருக்கும் கண்ணில் படவே படாது.

அப்புறம் கன்ஃபிக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தேன். நடுவில் இரண்டு வரி. ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட் என்பதற்கு வரம்பே இல்லை என்று ஒன்று, குவிக் அபார்ட் மின் என்பதற்கு கழித்தல் 1 (கேட்டவர் போனாலும் இழுப்பதை நிறுத்தாதே என்று பொருள்) என்று இன்னொன்று. கூடவே கேஷில் வைக்கும் பொருளின் உச்ச அளவு 4 எம்பியிலிருந்து 200 எம்பியாக ஏற்றப்பட்டிருந்தது. அப்டேட்டுகளை ஒரு தடவை இறக்கிக் கேஷில் வைத்துக்கொண்டால் எல்லாக் கணினிகளுக்கும் அங்கிருந்தே கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. செய்தது வேறு யாருமில்லை, இரண்டு வருடத்துக்கு முன் நான்தான்.

இந்த இரண்டு வரி சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அப்டேட் நிரல் பெரிய கோப்பை ஒரே மூச்சில் கேட்காது, 0 முதல் 10 எம்பி வரை கொடு, 10 முதல் 20 வரை கொடு என்று துண்டு துண்டாகக் கேட்கும். ரேஞ்ச் வரம்பை எடுத்துவிட்டால், எந்தத் துண்டைக் கேட்டாலும் ஸ்குவிட் கோப்பின் தலையிலிருந்து வால் வரை முழுதாக இழுக்க ஆரம்பிக்கும், கேட்ட துண்டு வந்ததும் அதை மட்டும் கொடுக்கும். கேட்டவர் பாதியில் போனாலும் விடாமல் இழுத்து முடிக்கும், இந்த அமைப்பு குவிக் அபார்ட்டையே மீறிவிடும், பட்டை அகலத்தை இது பாதிக்கும் என்று ஸ்குவிட்டின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. கோப்பு 200 எம்பிக்குள் இருந்தவரை பரவாயில்லை, முதல் துண்டுக்கு முழுக் கோப்பும் வந்து கேஷில் உட்கார்ந்துவிடும், மற்ற துண்டுகள் அங்கிருந்து போகும். அந்த வாரம் வந்த அப்டேட் 1.4 ஜிபி. 200ஐத் தாண்டியதால் கேஷில் வைக்க முடியாது, ஆக ஒவ்வொரு துண்டுக்கும் 1.4 ஜிபி இழுத்துக் கீழே கொட்டிவிட்டு அடுத்த துண்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 50 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 6.25 எம்பி, லைன் முழுவதையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தாலும் 60 விநாடியில் 375 எம்பிதான் வரும். 900வது எம்பியில் இருக்கும் துண்டைக் கேட்ட கணினி 60 விநாடி பொறுத்துப் பார்க்கிறது, ஒரு பைட்டும் வரவில்லை, இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி கேட்கிறது. பழைய இழுப்பு பின்னால் ஓடிக்கொண்டே இருக்க, புதிதாக ஒரு 1.4 ஜிபி இழுப்பு தொடங்குகிறது. லைன் இன்னும் நிரம்புகிறது, அதனால் இன்னும் பல கணினிகள் 60 விநாடியில் கைவிட்டு மறுபடி கேட்கின்றன. 87 ஜிபியை 1.4ஆல் வகுத்தால் 62. ஒரே கோப்பு, ஒரே நாளில், முழுதாக 62 தடவை இறங்கியதற்குச் சமம், யார் கைக்கும் போய்ச் சேராமல்.

இரண்டு வரியையும் அழித்துவிட்டு இயல்பு நிலைக்கு விட்டேன். அதாவது கேட்ட துண்டை மட்டும் வெளியே கேள், ஆள் போய்விட்டால் மிச்சம் 16 கேபிக்குள் இருந்தால் ஒழிய நிறுத்திவிடு. மறுநாள் ரூட்டர் 66 ஜிபி காட்டியது, லாக் 62. கிராஃபில் படுத்திருந்த கோடு மேடு பள்ளமாக மாறியது.

இந்த நிலையில் கோட்டாவே தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை, உத்தரவு உத்தரவுதான். ஆனால் இப்போதாவது எண்கள் நம்பும்படி இருந்தன.

500 எம்பி யாரைப் பிடிக்கும்

140 பேருக்கு 500 எம்பி என்றால் பெருக்கினாலே 70 ஜிபி. மொத்த உபயோகமே 62தான். ஆக இந்த வரம்பால் மொத்தம் குறையாது, அளவுக்கு மீறி இழுப்பவர்களை மட்டும் தடுக்கும். லாக்கைப் பார்த்தால் 9 பேர் சேர்ந்து 34 ஜிபி, மீதி 131 பேருக்கு ஆளுக்கு 200 எம்பி சொச்சம். சரி, அந்த ஒன்பது பேருக்காகத்தான் இத்தனையும் என்று தெரிந்துகொண்டு தொடங்கினேன். அந்த ஒன்பதில் இருவருக்கு வேலையே பெரிய கோப்புகளை இறக்குவதுதான், அவர்களைக் கேட்டு, வேலைக்கான தளங்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டோம்.

ஸ்குவிட்டில் தினசரி கோட்டா என்று ஒரு வசதி நேரடியாக இல்லை. தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது ரிப்ளை பாடி மேக்ஸ் சைஸ். அது ஒரே பதிலின் அளவுக்கான வரம்பு, நாள் கணக்கு அதற்குத் தெரியாது, ப்ராக்ஸியால் உள்ளே பார்க்க முடியாத கனெக்ட் டனலுக்குள் போகும் எச்டிடிபிஎஸ் பக்கம் அது எட்டிப் பார்ப்பதும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது டிலே பூல். இதில் ஒரு வித்தை உண்டு, நானும் முயன்று பார்த்தேன். டிலே பூல் ஒரு வாளி மாதிரி. வாளியின் கொள்ளளவு ஒரு எண், விநாடிக்கு எவ்வளவு நிரம்பும் என்பது இன்னொரு எண், இரண்டும் பைட்டில், பிட்டில் இல்லை. கொள்ளளவை 500 எம்பி என்று வைத்து, நிரம்பும் வேகத்தை 500 எம்பியை 86,400ஆல் வகுத்த 6068 பைட் என்று வைத்தால், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக 500 எம்பி சேரும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில், காலையிலேயே வாளியைக் காலி செய்தவருக்கு அதற்கப்புறம் விநாடிக்கு 6 கேபி. பக்கம் திறக்கவும் திறக்காது, திறக்காது என்று சொல்லவும் சொல்லாது. அவர் வரம்பு முடிந்தது என்று நினைக்கமாட்டார், நெட் போய்விட்டது என்றுதான் போன் செய்வார். போன் செய்தார்கள். நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்குவதும் இதில் கிடையாது. வாளிகள் நினைவகத்தில்தான் இருக்கின்றன, ஸ்குவிட்டை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோர் வாளியும் பாதி நிரம்பிய நிலையில் புதிதாகத் தொடங்கும், அதாவது ஆளுக்கு 250 எம்பி இனாம். இரண்டே நாளில் எடுத்துவிட்டேன்.

ஆகவே எக்ஸ்டர்னல் ஏசிஎல், அதாவது அனுமதிக்கலாமா என்று ஸ்குவிட் வெளியே இருக்கும் ஒரு நிரலைக் கேட்கும் வழி. லாக்கைப் படித்து லாகின் வாரியாக இன்றைய பைட்டுகளைச் சிறிய எஸ்க்யூலைட் தரவுக் கோப்பில் சேர்க்கும் ஒரு ஸ்கிரிப்ட், ஸ்குவிட் கேட்கும்போது அந்தக் கோப்பைப் பார்த்து ஓகே அல்லது எர் (இல்லை) என்று சொல்லும் ஒரு ஹெல்பர். ஹெல்பரை பைத்தானில் இருபது வரியில் எழுதி, டெர்மினலில் லாகின் பெயரைத் தட்டிப் பார்த்தேன், டக் டக்கென்று பதில் சொன்னது. ஸ்குவிட்டில் மாட்டியதும் மொத்த அலுவலகத்துக்கும் நெட் நின்றது. எர்ரர் எதுவும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேஷ் லாக்கில் ஹெல்பர் வரிசை நிரம்பி வழிகிறது என்ற புலம்பல் மட்டும்.

காரணம் பழைய பரிச்சயமானதுதான், ஆனாலும் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுகிறார்கள். டெர்மினலில் ஓடும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளும். ஸ்குவிட்டோடு இணைக்கும் பைப்பில் ஓடும்போது சுமார் 8 கேபி சேரும்வரை கையிலேயே வைத்துக்கொள்ளும். ஓகே என்ற பதில் வரி முடிவோடு சேர்த்து 3 பைட், 8 கேபி நிரம்ப 2700 பதில் சொச்சம் வேண்டும். முதல் பதிலே வராமல் ஸ்குவிட் எங்கே 2700 கேள்வி கேட்கப்போகிறது! பிரின்ட் கட்டளையில், உடனே வெளியே தள்ளு என்னும் ஃப்ளஷ் சேர்த்ததும் உயிர் வந்தது.

அடுத்த பள்ளம் டிடிஎல், அதாவது ஒரு பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம். எக்ஸ்டர்னல் ஏசிஎல்லின் பதிலை ஸ்குவிட் 3600 விநாடி நினைவில் வைத்துக்கொள்ளும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், "இல்லை" என்ற பதிலையும் அவ்வளவு நேரமே வைத்துக்கொள்ளும். ஆகவே 10 மணிக்கு ஓகே வாங்கியவர் 10:05க்கு வரம்பைத் தாண்டினாலும் 11 வரை ஜாலியாக இழுக்கலாம். எதிர்ப்பக்கமாக, ஒருவருக்குக் கூடுதலாக 200 எம்பி கொடுத்துவிட்டு இப்போ பாருங்க சார் என்றால், அவருக்கு ஒரு மணி நேரம் எதுவும் மாறாது. இரண்டையும் 60 விநாடியாக்கினேன்.

டனலுக்குள் போனால் கணக்கு வராது

இத்தனைக்கும் பிறகு ஒன்பது பேரில் மூன்று பேர் கட்டுக்குள் வரவே இல்லை. ஒருவர் கணக்கு மாலை 5 மணி வரை 40 எம்பியில் நிற்கும், 5:30க்கு பிரவுசரை மூடியதும் ஒரே தாவலில் 2.3 ஜிபி ஆகும். அதற்குள் நாளே முடிந்துவிட்டது, பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன.

ஸ்குவிட் லாக்கில் ஒரு வரி விழுவது கோரிக்கை முடிந்த பிறகுதான். சாதாரணப் பக்கங்களுக்கு இது கண நேரம், எச்டிடிபிஎஸ்ஸுக்கோ கனெக்ட் என்று ஒரு டனலைத் திறந்து, அது மூடும்போதுதான் வரி விழும். எச்டிடிபி 2 வந்ததிலிருந்து ஒரு தளத்துடனான எல்லாப் போக்குவரத்தையும் பிரவுசர் பெரும்பாலும் ஒரே இணைப்பில் போட்டுவிடுகிறது, அந்த இணைப்பு மணிக்கணக்காகத் திறந்தே கிடக்கும். வரம்பு சோதனையும் டனல் திறக்கும் நொடியில் ஒரு தடவை மட்டும்தான், காலை 9:30க்கு ஓகே வாங்கிய டனலை அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இணையத்தின் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ் ஆகிவிட்ட காலத்தில் லாக்கை மட்டும் நம்பிக் கோட்டா போடுவது, மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்து இன்றைய செலவைத் தீர்மானிப்பது மாதிரி.

திறந்திருக்கும் டனல்களில் இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று ஸ்குவிட்டுக்குத் தெரியும். ஸ்குவிட்டின் நிலையைக் காட்டும் கேஷ் மேனேஜரில் ஆக்டிவ் ரிக்வெஸ்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பயனரின் ஐபி, போர்ட், லாகின், அவுட் சைஸ் (இதுவரை அனுப்பிய அளவு) எல்லாம் அதில் வரும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, முடிந்த வரிகளின் கூட்டுத்தொகையோடு அந்த நேரத்தில் திறந்திருப்பவற்றின் அளவையும் சேர்த்தால் இந்த நிமிடத்துக் கணக்கு கிடைக்கிறது. திறந்திருப்பதை நிரந்தரக் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது, டனல் மூடி லாக்கில் வரி விழும்போது அதே பைட் இரண்டாம் தடவை சேரும். நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன், ஒரே காலையில் 31 பேர் வரம்பைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது.

அதைச் சரி செய்து இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை 9:10க்கு கணக்குப் பிரிவிலிருந்து போன்.

"சார், நான் இப்பதான் சீட்டுக்கே வந்தேன், அதுக்குள்ள 430 எம்பி போயிடுச்சுன்னு காட்டுது."

"நைட் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டுப் போனீங்களா மேடம்?"

"லாக் பண்ணிட்டுப் போனேன் சார்."

பிரவுசர் திறந்தே இருந்திருக்கிறது. நேற்று மதியம் திறந்த டனல் இரவைத் தாண்டி, அவர் காலையில் வந்து பக்கத்தை மூடியபோதுதான் முடிந்தது, நேற்றைய 430 எம்பியும் இன்றைய தேதியில் வரியாக விழுந்தது. அதற்காக நள்ளிரவில் திறந்திருக்கும் ஒவ்வொரு டனலின் அளவையும் ஐபியும் போர்ட்டும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அது மூடும்போது கழிக்க வேண்டியதாயிற்று. ஸ்குவிட்டின் இயல்பு லாக்கில் பயனர் பக்கத்துப் போர்ட் எண் இருக்காது, லாக் வடிவத்தை மாற்றிச் சேர்த்தால்தான் வரும்.

சரி, தாண்டியவரை என்ன செய்வது? முதலில் தடுக்கத்தான் செய்தேன், தமிழில் அழகாக ஒரு பக்கமும் தயார் செய்து, உங்கள் இன்றைய அளவு முடிந்தது என்று வருமாறு. அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கனெக்ட் கோரிக்கையை ப்ராக்ஸி மறுத்தால், மறுப்போடு அனுப்பும் பக்கத்தை இன்றைய பிரவுசர்கள் காட்டுவதில்லை, டனல் இணைப்பு தோல்வி என்று தங்களுடைய பக்கத்தைத்தான் போடும். பாதுகாப்புக்காகச் செய்திருக்கிறார்கள், நியாயம்தான், ஆனால் பார்ப்பவருக்கு மறுபடியும் நெட் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

ஆகவே தடுப்பதை விட்டுவிட்டு, தாண்டியவரை விநாடிக்கு 32 கேபி என்ற மெதுவான பாதைக்கு மாற்றினோம். மெயில் வரும், சாதாரணப் பக்கம் கொஞ்சம் முனகிக்கொண்டு திறக்கும், வீடியோ ஓடாது. கழித்துப்போட்ட டிலே பூல் இங்கே திரும்ப வந்தது, லாகின் வாரியாக வாளி தரும் நான்காம் வகை. இதிலும் ஒரு முடிச்சு: யாருக்கு எந்த வாளி என்று சொல்லும் டிலே ஆக்சஸ் வரியில் வேகமான (வெளியே கேட்டுக் காத்திருக்காத) ஏசிஎல்கள் மட்டும்தான் வேலை செய்யும், எக்ஸ்டர்னல் ஏசிஎல் மெதுவான வகை. நேரடியாக எழுதினால் சில சமயம் வேலை செய்கிற மாதிரி இருக்கும், சில சமயம் இருக்காது, அதைவிட மோசமான நிலை இல்லை. யாரை அனுமதிப்பது என்று சொல்லும் எச்டிடிபி ஆக்சஸ் வரியில் ஹெல்பரைக் கேட்க வைத்து, ஹெல்பர் எல்லோருக்கும் ஓகே சொல்லி, தாண்டியவருக்கு மட்டும் கூடவே ஒரு குறிப்பை ஒட்டி அனுப்ப, டிலே ஆக்சஸ் வரியில் நோட் என்ற ஏசிஎல்லால் அந்தக் குறிப்பைப் பார்ப்பது சரியான வழி. நோட் வேகமான வகை.

திறந்திருக்கும் டனல்கள் மெதுவான பாதைக்கு மாறாது, பூல் முடிவாவதும் டனல் திறக்கும்போதுதான். அதனால் ஒருவர் வரம்பைத் தாண்டும் அந்த ஒரு தடவை, அவருடைய ஐபிக்கும் 3128க்கும் இடையிலான இணைப்புகளை எஸ்எஸ் கட்டளையின் பெரிய கே (-K) விருப்பத்தால் கொன்றுவிடுகிறோம். கர்னலில் அதற்கான வசதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், எங்களுடையதில் இருந்தது. பிரவுசர் உடனே தானாகத் திரும்ப இணைகிறது, இந்தத் தடவை 32 கேபி பாதையில். பாதியில் இருந்த டவுன்லோடு அறுபடும், அதற்கு நான் வருத்தப்படவில்லை.

மிச்சம் மீதி

சின்னச் சின்னதாக இன்னும் சில. என் ஸ்கிரிப்ட் நேரத்தை 86,400ஆல் வகுத்து நாளைப் பிரித்ததால் கணக்கு உள்ளூர் நள்ளிரவில் புதுப்பிக்கப்படாமல் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் புதுப்பிக்கப்பட்டது. எங்கள் டெபியன் லினக்ஸில் கிரானின் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) தினசரி வேலைகள் 6:25க்கு ஓடின, அப்போது லாக் சுழன்று புதிய கோப்பு தொடங்கிவிடும், ஸ்கிரிப்ட் புதிய கோப்பை மட்டும் படித்ததால் அதிகாலை வேலை செய்பவர்களின் உபயோகம் மறைந்துபோனது. 407 என்று விழும் வரிகள் லாகின் கேட்பதற்கானவை, அவற்றில் பெரும்பாலும் பெயர் இருக்காது, ஐபி வாரியாகக் கூட்டுபவர்கள் அவற்றை விலக்க வேண்டும். கேஷிலிருந்து போனதை யார் கணக்கிலும் சேர்க்கவில்லை, அது லைனைத் தொடவே இல்லையே.

உள்வலையில் ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே பார்க்கும்படி செய்ததும் போன்கள் நின்றன. கோட்டாவைவிட அந்தப் பக்கம்தான் அதிகம் வேலை செய்தது என்று எனக்கு ஒரு எண்ணம், 400ஐத் தாண்டியதும் பலர் தாங்களாகவே அடங்கிவிடுகிறார்கள். ஒன்பதில் நான்கு பேர் இப்போது வரம்பைத் தொடுவதே இல்லை.

நான்காவது வாரம் அறிக்கையில் ஒரு பெயர், 480 எம்பி. எங்கேயோ உறுத்தியது, ஏனென்றால் அவர் அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்தார். ஒரு லாகினை ஒரே நேரத்தில் இரண்டு ஐபியில் பயன்படுத்த முடியாதபடி மேக்ஸ் யூசர் ஐபி போட்டேன், போட்ட பிறகுதான் உறைத்தது, விடுப்பில் இருப்பவரின் லாகின் ஒரே ஒரு ஐபியில்தானே ஓடுகிறது. அந்த ஐபி, அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருபவருடையது. ஒன்பது பேர் பட்டியலில் மூன்றாவது பெயர். அவர் மேசைக்குப் போய், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மெயில் போகப்போகிறது என்று மட்டும் சொன்னேன். இன்னும் 20 எம்பி மிச்சம் இருக்கே சார், அதை முடிச்சுக்கலாமா என்று கேட்டார்.